பைத்தானுக்குள் இருக்கும் அடுத்தவர் நிரல்: புதுப்பிப்பது யார் பொறுப்பு?

டேட்டாவின் கைரேகை போன்ற ஒரு மதிப்பைக் கணக்கிடும் ஷா-3 ஹாஷ் ஒன்றைத் தொடங்கி, முதலில் ஒரே ஒரு பைட்டையும் அடுத்து ஒரே மூச்சில் 4,29,49,67,295 பைட்டுகளையும் கொடுத்தால், பைத்தான் 3.6, 3.7, 3.8 ஆகியவற்றின் பழைய வெளியீடுகள் அப்படியே கிராஷ் ஆகும். இரண்டையும் கூட்டினால் சரியாக 2-இன் 32ஆம் அடுக்கு வருகிறது. 32 பிட் எண்ணில் அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யமாகச் சுருண்டுவிடுவதால், இடம் போதுமா என்று பார்க்கும் சோதனை ஏமாந்துபோய், நிரல் நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எழுதத் தொடங்குகிறது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பதிவேட்டில் சிவிஇ-2022-37454 என்று பதிவான இந்த ஓட்டையை 2022 அக்டோபரில் வெளிக்கொண்டு வந்தவர் நிக்கி மௌஹா.

இந்தப் பிழையைப் பைத்தான் குழுவினர் எழுதவில்லை. ஷா-3க்கு அடிப்படையான கெச்சாக் முறையை வடிவமைத்தவர்களே வெளியிட்ட நிரலில் 2011 ஜனவரி முதல் அது இருந்தது. பைத்தான் 3.6-இல் ஷா-3 சேர்க்கப்பட்டபோது அந்த நிரலின் நகல், பைத்தானின் அதிகாரபூர்வ வடிவமான சிபைத்தானின் சோர்ஸுக்குள் வந்தது. கூடவே பிழையும் வந்தது. பிஎச்பி மொழியும், பைத்தானின் இன்னொரு வடிவமான பைபையும் அதே நிரலை எடுத்து வைத்திருந்தன. ஆகவே மூல நிரலில் ஒரு திருத்தம் போட்டதோடு வேலை முடியவில்லை. நகல் வைத்திருந்த ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகத் திருத்தி, தனித்தனியாக வெளியிட வேண்டியிருந்தது. 3.9 முதல் பைத்தான், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி தரும் ஷா-3 இருந்தால் அதையே பயன்படுத்தியது. அதனால் அந்தப் பதிப்புகளில் பாதிப்பு குறைவு.

வெளியார் லைப்ரரி ஒன்றை ஒரு மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் நகலெடுத்து வைக்கும் நாளில் செலவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான விலை பிறகு வருகிறது: அந்த லைப்ரரியில் வரும் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும், ஆதரவில் இருக்கும் ஒவ்வொரு கிளைக்கும் கொண்டுசேர்க்கும் கடமை. பைத்தானில் ஒரு பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு, ஆண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு. எனவே எந்த நேரத்திலும் ஏறக்குறைய ஐந்து கிளைகள் உயிரோடு இருக்கும். எதை உள்ளே வைக்கலாம், எதை வெளியே விடலாம் என்ற முடிவை இந்தக் கடமையை வைத்தே எடுக்க வேண்டும். இன்று வேலை எளிதாக முடிகிறதா என்பது இரண்டாம்பட்சம்.

பைத்தான் குழு இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2006-இல் எழுதப்பட்ட பெப் (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) 360 என்ற ஆவணம், ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் இருந்தபடியே வெளியே பராமரிக்கப்படும் தொகுப்புகளைப் பட்டியலிட்டது: எலிமென்ட்ட்ரீ, எக்ஸ்பேட், ஆப்டிக், டபிள்யூஎஸ்ஜிஐரெஃப். பிழை கண்டால் வெளியே உள்ள ஆசிரியரிடம் போ, இங்கே கை வைக்காதே என்பதுதான் ஏற்பாடு. ஆனால் உள்ளே ஒருவர் அவசரத்துக்கு ஒரு திருத்தம் போடுவார். அடுத்த முறை வெளியிலிருந்து புதிய நகல் வரும்போது அது அழிந்துபோகும். கடைசியில் அதே ஆவணத்தின் தலையில், இனி இதில் எதையும் சேர்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் நிரலுக்கு வெளியே உரிமையாளர் என்று எழுதிவைப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை ஏறியது. அதற்குப் பிறகு வந்த டாம்ல்லிப், இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா போன்றவை வெளியே பிறந்தவைதான் என்றாலும், பைத்தானில் எழுதப்பட்டவை என்பதால் கோர் டெவலப்பர்களே அவற்றைப் படித்துத் திருத்த முடிகிறது. சிக்கல் அதிகம் வருவது சி மொழியில் எழுதிய லைப்ரரிகளில்தான்.

எக்ஸ்பேட்: ஒரு நகலை எப்படிப் பராமரிக்கிறார்கள்

எக்ஸ்எம்எல் வாசிக்கும் எக்ஸ்பேட் லைப்ரரியின் முழு நகலும் சிபைத்தானின் மாட்யூல்ஸ் அடைவுக்குள் எக்ஸ்பேட் என்ற உள்ளடைவில் இருக்கிறது. அதே இடத்தில் ரெஃப்ரெஷ் என்ற சிறு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. பதிப்பை உயர்த்த வேண்டியவர் கோப்புகளைக் கையால் நகலெடுப்பதில்லை. ஸ்கிரிப்ட்டின் தலையில் மூன்று மதிப்புகளை மாற்றுகிறார்: மூல ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) அந்த வெளியீட்டுக்கு இட்ட டேக், பதிப்பு எண், வெளியீட்டுக் கோப்புகளைக் கட்டிவைத்த டார்பாலின் ஷா-256 ஹாஷ். ஓடவிட்டால் அது டார்பாலை இறக்கி, ஹாஷைச் சரிபார்த்து, தேவையான சி கோப்புகளையும் ஹெடர்களையும் மட்டும் எடுத்து வைத்து, ஒரே ஒரு ஹெடரில் ஓர் இன்க்ளூட் வரியைச் செருகுகிறது. அதன் பிறகு பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் டிஃப்பைப் பார்த்து, மென்பொருள் உட்பொருள் பட்டியலை மறுபடி உருவாக்கி, மாற்றக் குறிப்பு எழுதி, மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் போட்டு, பழைய கிளைகளுக்கும் அதைக் கொண்டுசெல்லும் பேக்போர்ட் லேபிள் ஒட்டினால் மீதியைத் தானியங்கி பாட் பார்த்துக்கொள்ளும்.

ஸ்கிரிப்ட் செருகும் அந்த ஒற்றை வரி சாதாரணமானதல்ல. அது சேர்க்கும் ஹெடர், எக்ஸ்பேட்டின் வெளித்தெரியும் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்கும் முன்னால் பைஎக்ஸ்பேட் என்ற முன்னொட்டைப் போடுகிறது. காரணம் அப்பாச்சி. அந்த வெப்சர்வர் தனக்கென ஓர் எக்ஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். பைத்தான் நிரல்களை அப்பாச்சிக்குள் ஓட்டும் மாட் டபிள்யூஎஸ்ஜிஐ வழியாக அதே பிராசஸுக்குள் பைத்தானும் ஓடினால், ஒரே பெயரில் இரண்டு வேறு பதிப்புகளின் ஃபங்ஷன்கள் ஒன்றாக நிற்கும். பெயர்களை நிரலோடு இணைக்கும் லிங்கர் முதலில் கண்டதை எடுத்துக் கொடுத்துவிடும். பைத்தான் தன் பதிப்பின் ஸ்ட்ரக்ட் அமைப்பை நம்பி அழைக்க, அப்பாச்சியின் பதிப்பு பதில் சொல்ல, முடிவு, செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழையால் கிராஷ். லாகில் எக்ஸ்எம்எல் என்ற சொல்லே இருக்காது. பெயர்களைப் பிரித்து வைத்ததும் அந்த வகை மோதல் போய்விட்டது. எந்த மொழியானாலும், சி லைப்ரரி ஒன்றை உள்ளே நகலெடுப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்த முன்னொட்டு என்பது என் உறுதியான கருத்து. இதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பழுது உங்கள் கணினியில் வராது. யாரோ ஒருவரின் சர்வரில்தான் வரும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எக்ஸ்எம்எல் கையாளும் எலிமென்ட்ட்ரீயின் சி மாட்யூல் தனக்கென மற்றொரு நகலை லிங்க் செய்வதில்லை. எக்ஸ்பேட்டைப் பைத்தானுக்குள் தரும் பைஎக்ஸ்பேட் மாட்யூல், கேப்ஸ்யூல் என்ற உறைக்குள் வைத்துத் தரும் ஃபங்ஷன் அட்டவணையையே பயன்படுத்துகிறது. இரண்டும் வேறு வேறு பில்டிலிருந்து வந்திருந்தால், பதிப்பு எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, பைஎக்ஸ்பேட் பொருந்தவில்லை என்று இம்போர்ட் நேரத்திலேயே நின்றுவிடும். சத்தமில்லாமல் நினைவகத்தைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹாஷ் சரிபார்ப்பு எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்பதிலும் தெளிவு வேண்டும். நேற்று ஒருவர் பார்த்த அதே கோப்புதான் இன்றும் இறங்கியிருக்கிறது என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் ரகசியமாக வைக்கப்பட்டு 2024 மார்ச்சில் வெளிப்பட்ட பின்கதவில், அதை இயக்கிவிடும் எம்4 என்ற பில்ட் கோப்பு 5.6.0, 5.6.1 வெளியீட்டு டார்பால்களில் மட்டுமே இருந்தது. கிட் ரெப்போவில் இல்லை. அங்கே எந்த ஹாஷ் சோதனையும் பாஸாகியிருக்கும். டிஃப்பை மனிதர் ஒருவர் படிப்பதற்கும், தேவையில்லாத பில்ட் ஸ்கிரிப்ட்களை நகலெடுக்காமல் சி கோப்புகளை மட்டும் எடுப்பதற்கும் மதிப்பு இருக்கிறது.

திருத்தமே நடத்தையை மாற்றும்போது

பாதுகாப்புத் திருத்தம் என்றால் பழைய நகலை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என்று நினைப்பவர்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த எக்ஸ்பேட் 2.6.0 நல்ல பாடம். அதற்கு முன்பு, நீளமான ஒரு டோக்கன் (டேக் போன்ற ஒரு முழு அலகு) சிறுசிறு துண்டுகளாக வந்தால், எக்ஸ்பேட் ஒவ்வொரு துண்டுக்கும் அந்த டோக்கனைத் தொடக்கத்திலிருந்தே மறுபடி ஸ்கேன் செய்யும். உள்ளீடு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பெரிய டோக்கனைத் துளித்துளியாக அனுப்பியே ஒரு சர்வரை முடக்கலாம். சிவிஇ-2023-52425 என்பது இதுதான். 2.6.0-இல் வந்த திருத்தம், டோக்கன் முழுமையடையவில்லை என்றால் போதுமான அளவு புதிய டேட்டா சேரும்வரை மறு ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறது.

நல்ல திருத்தம்தான். ஆனால் டேட்டா வரவர வாசிக்கும் எக்ஸ்எம்எல் புல் பார்ஸரில் ஒரு சிறு டேகைக் கொடுத்தவுடன் அதற்கான ஈவென்ட் வெளியே வரும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். உரையாடல் செய்திகளுக்கான எக்ஸ்எம்பிபி போல இணைப்பை மூடாமல் துண்டு துண்டாகப் பேசும் நெறிமுறைகளில், அந்த ஈவென்ட் வராவிட்டால் எதிர்முனை காத்துக்கொண்டே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. உள்நகலை விட்டு, கணினியில் ஏற்கெனவே உள்ள சிஸ்டம் எக்ஸ்பேட்டோடு பைத்தானைப் பில்ட் செய்த லினக்ஸ் விநியோகங்களில் சிபைத்தானின் சொந்த டெஸ்ட்களே தோற்றன. தீர்வாக பார்ஸர்களுக்கு ஃப்ளஷ் என்ற புது மெத்தடும், தள்ளிப்போடுதலை நிறுத்திவைக்க ஒரு செட்டரும் சேர்க்கப்பட்டன. வழக்கமாகப் புது மெத்தட் புதுப் பதிப்பில் மட்டுமே வரும். இங்கே விதியைத் தளர்த்தி 3.13-க்கு மட்டுமின்றி 3.12.3, 3.11.9 தொடங்கிப் பழைய கிளைகளின் பாதுகாப்பு வெளியீடுகள் வரை கொண்டுபோனார்கள்.

அதன் பக்கவிளைவு, பைத்தான் 3.11 என்று தெரிந்தால் மட்டும் ஃப்ளஷ் இருக்குமா இல்லையா என்று சொல்ல முடியாது. எனவே பதிப்பு எண்ணை ஒப்பிடாமல், ஹேஸ்ஆட்டர் என்ற ஃபங்ஷன் கொண்டு அந்த மெத்தட் இருக்கிறதா என்று பார்த்து அழைப்பதே பைத்தான் ஆவணம் சொல்லும் வழி. எக்ஸ்பேட்டின் பதிப்பு எண்ணையும் இதே காரணத்துக்காக முழுதாக நம்ப முடியாது. பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் பேட்ச்சாக ஒட்டி வெளியிடுவது டெபியன், ரெட் ஹேட் போன்றோரின் நெடுநாள் வழக்கம்.

வெளியே அனுப்புவது

உள்நகலை விட்டு சிஸ்டம் லைப்ரரியைப் பயன்படுத்தும் லினக்ஸ் விநியோகங்களின் நியாயம் எளிமையானது. ஒரு லைப்ரரிக்கு கணினியில் ஒரே நகல் இருந்தால், ஒரு பாதுகாப்பு அப்டேட்டில் அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் சரியாகிவிடும். அதனால்தான் டெபியன் கொள்கை உள்நகல்களை வேண்டாம் என்கிறது. ஃபெடோராவில் உள்நகல் இருந்தால் அதைப் பேக்கேஜில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சிபைத்தானின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டில் வித்-சிஸ்டம்-எக்ஸ்பேட் என்ற தேர்வு இருப்பது இவர்களுக்காகவே.

சில நகல்களைச் சிபைத்தானே கைவிட்டுவிட்டது. சி லைப்ரரிகளை நேரடியாக அழைக்க உதவும் சிடைப்ஸ் மாட்யூலுக்கு வேண்டிய லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரியின் முழு நகல், மேக் அல்லாத யூனிக்ஸ் பில்ட்களுக்கு 3.7 முதல் இல்லை. சோர்ஸிலிருந்து பில்ட் செய்பவர் லிப்எஃப்எஃப்ஐயின் டெவலப்மென்ட் பேக்கேஜை முன்பே நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் பில்ட் செய்யும் கட்டளை வெற்றியாகவே முடியும். கடைசியில் கிடைக்காத மாட்யூல்களின் பட்டியல் சில வரிகளாக வரும், யாரும் பார்ப்பதில்லை. வாரங்கள் கழித்து ஒரு தொகுப்பு சிடைப்ஸை இம்போர்ட் செய்யும்போது அந்த மாட்யூலே இல்லை என்ற பிழை. லைப்ரரியை நிறுவினால் மட்டும் இது சரியாகாது; பைத்தானையே மறுபடி பில்ட் செய்ய வேண்டும். பில்ட் ஸ்கிரிப்ட்டின் முடிவில் சிடைப்ஸ், எஸ்எஸ்எல், எஸ்கியூலைட்3, எல்இசட்எம்ஏ, பிஇசட்2 ஐந்தையும் ஒருமுறை இம்போர்ட் செய்து பார்க்கும் ஒரு வரி இந்தத் தலைவலியை முழுதாகத் தவிர்த்துவிடும்.

தசம எண்களைத் துல்லியமாகக் கணக்கிடும் டெசிமல் மாட்யூலின் கதை இன்னும் நுட்பமானது. 3.3-இல் ஸ்டெஃபான் க்ரா எழுதிய லிப்எம்பிடெக் என்ற சி லைப்ரரி உள்ளே வந்தது. அப்போது வெளியிட்ட மூன்று சோதனைகளில் பழைய தூய பைத்தான் வடிவத்தைவிட 12, 30, 120 மடங்கு வேகம் கிடைத்தது. 3.13 முதல் சிஸ்டம் லிப்எம்பிடெக்தான் இயல்புத் தேர்வு. உள்நகலை எடுத்துவிடப்போவதாக அறிவித்தும்விட்டார்கள். லைப்ரரியே இல்லாத பில்டில் என்ன ஆகும்? பிழை வராது. டெசிமல் சத்தமில்லாமல் தூய பைத்தான் வடிவத்துக்கு மாறிவிடும். விடைகள் சரியாகவே வரும், வேகம் மட்டும் போய்விடும். மாட்யூலில் உள்ள லிப்எம்பிடெக் பதிப்பு மாறிலியைப் பார்த்து ஏமாறக் கூடாது, தூய பைத்தான் வடிவமும் ஓர் எண்ணைச் சொல்லும். முன்னால் அடிக்கோடு உள்ள டெசிமல் மாட்யூலை நேரடியாக இம்போர்ட் செய்து பார்ப்பதுதான் சரியான சோதனை.

ஹாஷ்களில் இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தார்கள். கெச்சாக் நிரலை 3.11-இல் நீக்கி டைனி ஷா3 என்ற மிகச் சிறிய வடிவத்தை வைத்தார்கள். 3.12-இல் எம்டி5, ஷா-1, ஷா-2, ஷா-3 எல்லாவற்றுக்கும் ஹேக்கிள் ஸ்டார் திட்டத்தின் நிரல் வந்தது. எல்லை மீறி எழுதாது என்பது கணித முறையில் நிறுவப்பட்ட நிரல் அது. எஃப் ஸ்டார் மொழியில் எழுதி, சியாக மாற்றித் தரப்படுகிறது. இதையும் ஒரு ரெஃப்ரெஷ் ஸ்கிரிப்ட்தான் குறிப்பிட்ட கமிட்டிலிருந்து கொண்டுவருகிறது. இதற்கும் பெயர் முன்னொட்டு உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாத பில்டிலும் ஹாஷ் மாட்யூலான ஹாஷ்லிப் இயங்க வேண்டும் என்றால் ஒரு நகல் உள்ளே இருந்தே ஆகவேண்டும். இருக்க வேண்டியது என்றால், திருத்தமே தேவைப்படாத அளவுக்கு நம்பகமானதாக இருக்கட்டும் என்ற இந்த யோசனை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

பிப்: நகலுக்குள் நகல்

பெப் 453-இன்படி 3.4 முதல் பைத்தானோடு, தொகுப்புகளை நிறுவும் பிப் வருகிறது. என்ஷூர்பிப் மாட்யூலின் உள்ளடைவில், நிறுவத் தயாரான வீல் என்ற வகைக் கோப்பாக அது கிடக்கிறது. ஒரு திட்டத்துக்கென்று தனித் தொகுப்புகளை வைத்துக்கொள்ளும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கும்போது அதிலிருந்துதான் பிப் நிறுவப்படுகிறது. பிப்போ வேறு தொகுப்புகளை நிறுவும் கருவி என்பதால் தனக்கே ஒரு சார்பு வைத்துக்கொள்ள முடியாது. ரிக்வெஸ்ட்ஸ், யூஆர்எல்லிப்3, செர்டிஃபை, ரிச் எனப் பலவற்றைத் தன் வென்டர் அடைவுக்குள் நகலெடுத்து வைத்திருக்கிறது. ஆக, யூஆர்எல்லிப்3-இல் ஓர் ஓட்டை வந்தால் முதலில் அதன் திருத்தம், பிறகு பிப்பின் வெளியீடு, பிறகு சிபைத்தானில் வீல் மாற்றம், பிறகு பைத்தானின் வெளியீடு என்று நான்கு கதவுகள் தாண்ட வேண்டும்.

பாதுகாப்பு ஸ்கேனர் கன்டெய்னர் இமேஜில் பழைய யூஆர்எல்லிப்3 இருப்பதாகக் காட்டும்போது பலர் செய்வது பிப் வழியாக யூஆர்எல்லிப்3-ஐ உயர்த்துவது. அது, தொகுப்புகள் நிறுவப்படும் சைட்-பேக்கேஜஸ் அடைவில் இருப்பதை மட்டுமே மாற்றும். வென்டர் அடைவுக்குள் இருப்பது அப்படியே கிடக்கும். பிப்பையே உயர்த்தினால் அந்த நகல் மாறும். அப்போதும் என்ஷூர்பிப்பில் உள்ள வீல் பழையதுதான். அடுத்து உருவாக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் பழைய பிப் திரும்ப வந்து உட்காரும். என்விரான்மென்ட் உருவாக்கும் வென்வ் கட்டளைக்கு அப்கிரேட்-டெப்ஸ் என்ற தேர்வைக் கொடுத்தால் உருவாக்கும்போதே புதியது இறங்கும், 3.9 முதல் இது இருக்கிறது. 3.10 முதல் வீல்களை வேறு அடைவிலிருந்து எடுக்கச் சொல்லும் கான்ஃபிகர் தேர்வும் உண்டு. டெபியன், உபுண்டுவில் என்ஷூர்பிப் தனிப் பேக்கேஜாகப் பிரிக்கப்பட்டிருப்பதால்தான், பைத்தான்3-வென்வ் நிறுவாமல் என்விரான்மென்ட் உருவாக்கப் போனால் என்ஷூர்பிப் கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

டேட்டாவும் சார்புதான்

யூனிகோட் அட்டவணை முழுவதும் பைத்தானுக்குள்ளேயே தொகுக்கப்பட்டு வருகிறது. பைத்தான் பதிப்பு மாறினால்தான் அது மாறும். தமிழுக்கு இதில் நேரடி விளைவு உண்டு. முந்திரி எனப்படும் 1/320 முதலான பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகள், 2019-இல் வந்த யூனிகோட் 12.0-இல் தமிழ் துணைத் தொகுதியாகச் சேர்ந்தன. பைத்தான் 3.7-இல் இருப்பது யூனிகோட் 11. அதில் முந்திரிக் குறியின் எண் மதிப்பைக் கேட்டால் பிழை. யூனிகோட் 12.1 உள்ள 3.8-இல் அதே கேள்விக்கு 0.003125 என்ற விடை வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாறும் டேட்டா என்பதால் இந்த ஏற்பாடு பொருந்துகிறது.

நேர மண்டலங்களுக்கு இது பொருந்தாது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைநேர மாற்றத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்து, சில நாளில் பின்வாங்கியது. அதற்காக ஐயானாவின் நேர மண்டல டேட்டாபேஸில் 2023பி, 2023சி என ஒரே வாரத்துக்குள் இரண்டு வெளியீடுகள் வந்தன. பைத்தானின் வெளியீட்டு வேகத்தில் இதைத் துரத்த முடியாது. எனவே 3.9-இல் வந்த நேர மண்டல மாட்யூலான சோன்இன்ஃபோ, டேட்டாவை உள்ளே வைப்பதே இல்லை: இயங்குதளத்தில் உள்ளதை எடுக்கிறது, இல்லாவிட்டால் பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் உள்ள டிஇசட்டேட்டா தொகுப்பைத் தேடுகிறது. விண்டோஸிலும் சிறுத்த கன்டெய்னர் இமேஜ்களிலும் இரண்டுமே இருக்காது. அங்கே ஆசியா/கொழும்பு என்று கேட்டால் சோன் கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். அத்தகைய இடங்களில் ஓடும் நிரலின் தேவைப் பட்டியலில் டிஇசட்டேட்டாவை எழுதியே ஆகவேண்டும்.

இன்ஸ்டாலருக்குள் இருப்பவை

ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட் டேட்டாபேஸ், சாளரங்கள் வரையும் டிசிஎல்/டிகே போன்றவை சோர்ஸுக்குள் இல்லை. ஆனால் விண்டோஸ், மேக் இன்ஸ்டாலர்களுக்குள் உண்டு. விண்டோஸுக்காக இவற்றின் சோர்ஸுக்கு ஒரு ரெப்போ, முன்பே பில்ட் செய்த பைனரிகளுக்கு இன்னொரு ரெப்போ. பதிப்பு உயர்த்தும்போது இரண்டிலும் டேக் போட்டு, பிசிபில்ட் அடைவில் இறக்கும் ஸ்கிரிப்ட்டிலும் பில்ட் அமைப்புக் கோப்புகளிலும் எண்ணை மாற்றி, உட்பொருள் பட்டியலையும் திருத்த வேண்டும். மேக்கில் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட்டுக்குள் முகவரியும் செக்சம்மும் மாறும். ஒரே ஓப்பன்எஸ்எஸ்எல் திருத்தத்துக்கு இத்தனை இடம். எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது வடிவிலான உட்பொருள் பட்டியல்கள் வந்த பிறகு ஓர் இடத்தை மறந்துவிடும் வாய்ப்பு குறைந்திருக்கிறது: உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் ஹாஷும் அதில் இருப்பதால், கோப்பை மாற்றிவிட்டுப் பட்டியலை மாற்றாவிட்டால் தானாக ஓடும் சிஐ சோதனை தோற்கும்.

உங்கள் பைத்தானில் எது ஓடுகிறது என்பதை அதனிடமே கேட்டுவிடலாம். எஸ்எஸ்எல் மாட்யூலில் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு, எஸ்கியூலைட்3-இல் எஸ்கியூலைட் பதிப்பு, பைஎக்ஸ்பேட்டில் எக்ஸ்பேட் பதிப்பு, என்ஷூர்பிப்பில் பிப் பதிப்பு எல்லாம் கிடைக்கும். சுருக்க மாட்யூலான இசட்லிப்பில் இரண்டு மாறிலிகள் உண்டு: பில்ட் நேரத்துப் பதிப்பு ஒன்று, இப்போது ஓடும் பதிப்பு ஒன்று. ஓட்டையைப் பற்றிய கேள்வி என்றால் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

இன்ஸ்டாலர் வழியாக நிறுவியவர்கள் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. ஒரு பதிப்பின் பிழைதிருத்தக் காலம் முடிந்து பாதுகாப்புக் காலம் தொடங்கியதும், பைத்தான் தளம் சோர்ஸை மட்டுமே வெளியிடும். 3.11-க்குக் கடைசி இன்ஸ்டாலர் 2024 ஏப்ரலில் வந்த 3.11.9, 3.12-க்கு 2025 ஏப்ரலில் வந்த 3.12.10. 3.11-இன் ஆதரவு 2027 அக்டோபர் வரை என்று அட்டவணையில் இருந்தாலும், விண்டோஸில் அந்த இன்ஸ்டாலரால் நிறுவியவருடைய ஓப்பன்எஸ்எஸ்எல் 2024 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. லினக்ஸில் விநியோகம் தரும் பைத்தானை ஓட்டுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருடைய ஓப்பன்எஸ்எஸ்எல் சிஸ்டம் அப்டேட்டோடு மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் அதே 3.11-இலேயே இருந்தாக வேண்டும் என்றால், பாதுகாப்பு வெளியீட்டின் சோர்ஸை எடுத்து, இறக்கும் ஸ்கிரிப்ட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணை உயர்த்தி, தாமே பில்ட் செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலானோருக்கு அதைவிட 3.13-க்கோ 3.14-க்கோ மாறிவிடுவது குறைந்த வேலை.